இடிக்கல்லை எடுத்தவன்

விற்கப் போனால் ஒரு கோப்பிக் காசுகூடத் தேறாத கல் அது. டென்மார்க்கின் கடற்கரைகளில் பொறுமையாகக் குனிந்து நடப்பவருக்கு இனாமாகவே கிடைக்கும். அதை நான் திருடினேன். மறதியில் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டேன், பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம் என்று எடுத்தேன் என்றெல்லாம் பல காலம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அப்படி இல்லை. யன்னல் விளிம்பில் இருந்ததை, உடையவர் குளியலறையில் இருக்கும் நேரம் பார்த்து, தண்ணீர்ச் சத்தம் இன்னும் நிற்கவில்லை என்பதைக் காதுகொடுத்து உறுதிசெய்துகொண்டு எடுத்தேன். அவரைப் பார்த்துக்கொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

யூட்லண்டில் முதியோரின் வீடு வீடாகப் போய் மாத்திரை எடுத்துக் கொடுப்பது, குளிக்க உதவுவது, வீங்கிய கால்களுக்கு இறுக்கமான காலுறை மாட்டிவிடுவது, இவைதான் அப்போது என் வேலை. யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானப் பட்டப்படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அகதியாக வந்தவன் நான். அந்த அரைப் பட்டம் எனக்குள் ஒரு முழுப் பேராசிரியரை உட்கார்த்தி வைத்திருந்தது. காலுறை மாட்டிக்கொண்டே உலகத்துக்குப் பாடம் நடத்தக்கூடியவன் நான்.

ஆச்சி என்றுதான் அவரை மனதுக்குள் கூப்பிடுவேன். டேனிஷ்காரர்கள் வயது பார்க்காமல் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். அந்த வழக்கம் எனக்குக் கடைசிவரை வாயில் வரவில்லை. நாணல் வேய்ந்த கூரையுள்ள பழைய பண்ணைவீடு. சமையலறை யன்னலில் பூச்சட்டிகளுக்கு நடுவே அந்தக் கல் இருக்கும். கைக்குள் அடங்கும் அளவு. மேலே குவிந்து அடியில் தட்டையாக, சின்னப் பணிஸ் போல இருந்தது. உச்சியிலிருந்து ஐந்து பக்கமும் இரட்டை வரிசையாகப் புள்ளிகள் இறங்கின. யாரோ ஊசியால் குத்திக் கோலம் போட்டதுபோல அத்தனை ஒழுங்கு.

என்னவென்று கேட்டேன். "டோர்டன்ஸ்டேன். இடிக்கல். மின்னலோடு விழுந்தது. என் மாமியாருக்கு அவருடைய மாமியார் கொடுத்தது. அது இருக்கும்வரை இந்த வீட்டில் இடி விழாது" என்றார்.

பேராசிரியர் எழுந்துவிட்டார். இது இடியோடு விழுந்ததில்லை, கடல் முள்ளெலி என்கிற உயிரியின் புதைபடிவம் என்று தொடங்கினேன். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த நாடு இருக்கும் இடம் வெதுவெதுப்பான கடலாக இருந்தது. நுண்ணுயிர்களின் சுண்ணாம்புக் கூடுகள் அடியில் படிந்து படிந்து வெண்சேறானது. செத்த முள்ளெலியின் முட்கள் உதிர்ந்து, வெறும் ஓடு அந்தச் சேற்றில் புதைந்தது. ஓட்டின் உள்ளே சிலிக்கா ஊறி நிரம்பி இறுகிச் சிக்கிமுக்கிக் கல்லானது. பிறகு ஓடு கரைந்துபோக, உள்ளே வார்த்த அச்சு மட்டும் மிஞ்சியது. அந்தப் புள்ளிகள் உயிரோடு இருந்தபோது அதன் குழாய்க்கால்கள் வெளியே வந்த துளைகள். அந்த வெண்சுண்ணாம்பைத்தான் மென்ஸ் கிளிண்ட் பாறைச் சுவரில் இன்று போய்ப் பார்க்கிறோம். பனியுகத்தில் வடக்கேயிருந்து வந்த பனிப்பாளங்கள் அந்தப் படிவுகளைச் சுரண்டி நாடு முழுக்க இறைத்துவிட்டுப் போயின. அதனால்தான் கடலுக்குத் தொலைவிலுள்ள வயலில் உழும்போதும் கடல் உயிரி கிளம்புகிறது. எல்லாம் சரியாகத்தான் சொன்னேன். ஒரு பிழையும் இல்லை.

ஆச்சி கோப்பி ஊற்றிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார். "அப்படியா? நல்லாப் படித்திருக்கிறீர்" என்றார். பிறகு, "இந்த வீட்டில் இன்னும் இடி விழவில்லை, பாரும்" என்றார்.

அன்று என் மனைவியிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். பிள்ளைகளிடமும் சொன்னேன். வெள்ளைக்காரரிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு என்று காட்டுவதில் எனக்கு ஒரு குரூர மகிழ்ச்சி இருந்ததை இப்போது ஒத்துக்கொள்கிறேன். ஊரில் இடி முழங்கினால் அம்மம்மா அருச்சுனன் பேர் பத்தையும் அடுக்குவார். அதையும் கேலி செய்தே வளர்ந்தவன் நான்.

அப்படிப்பட்டவன் ஏன் எடுத்தான் என்பதுதான் கேள்வி. எனக்கு இடி என்றால் பயம். இதை யாரிடமும் சொன்னதில்லை. யாழ்ப்பாணக் கோட்டையிலிருந்து ஷெல் அடித்த காலத்தில், புறப்படுகிற சத்தத்துக்கும் விழுகிற சத்தத்துக்கும் இடையில் எண்ணப் பழகிய தலை இது. பிள்ளைகளுக்கு மின்னலையும் முழக்கத்தையும் காட்டி, மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர், எண்ணிப் பாருங்கள் என்று விஞ்ஞானமாகச் சொல்லிக் கொடுத்தேன். அவர்கள் உற்சாகமாக எண்ணுவார்கள். நானும் எண்ணுவேன், ஆனால் அது வேறு எண்ணிக்கை. டென்மார்க்கில் இடி பெரும்பாலும் கோடைக்காலத்துச் சமாச்சாரம். ஒரு ஆகஸ்ட் இரவில், மரமோ மேடோ இல்லாத தட்டை நிலத்தின் நடுவே காரை ஓட்டிக்கொண்டிருந்தபோது புயல் பிடித்தது. மூடிய காருக்குள் இருப்பவர் பத்திரமானவர். மின்சாரம் தகர உடலின் வெளிப்புறமாகவே ஓடி நிலத்தில் இறங்கிவிடும். இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே காரை ஓரங்கட்டி, இருக்கைக்குக் கீழே தலையைக் கவிழ்த்துக்கொண்டு, வாய்க்குள் அருச்சுனனைக் கூப்பிட்டேன். மறுநாள் காலை ஆச்சி வீட்டுக்குப் போனேன். அந்த நிலத்தில் அந்த வீடுதான் அசையாமல் நின்றது. கல் யன்னலில் இருந்தது. எடுத்தேன்.

அடுத்தது திருட்டைவிடக் கேவலமானது. கல் இல்லாததை ஆச்சி அன்றே கண்டுபிடித்துவிட்டார். நான் மறுபடி போனபோது அவர் தேடிக்கொண்டிருந்தார். நானும் தேடினேன். முழங்காலில் நின்று அலுமாரிக்கு அடியில் டோர்ச் அடித்துப் பார்த்தேன். அப்போது கல் என் வீட்டுப் படுக்கையறையில் இருந்தது. வாரம் ஒருமுறை துடைக்கப் பெருக்க வந்துகொண்டிருந்த ஒரு பெண்மீது சந்தேகம் விழுந்தது. அவளும் என்னைப் போல வெளிநாட்டுக்காரிதான். ஆச்சியின் மகள் எங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். யாரும் யாரையும் திருடி என்று சொல்லவில்லை. இங்கே அப்படிச் சொல்லமாட்டார்கள். அடுத்த அட்டவணையில் அந்த வீட்டுக்கு எதிரே அவள் பெயர் இல்லை, அவ்வளவுதான். என்னிடமும் கேட்டார்கள். "ஒரு பழைய கல்தானே, வயதான மனுசி எங்கேயாவது வைத்திருப்பா" என்றேன்.

அதற்குப் பிறகுதான் வாசிக்கத் தொடங்கினேன். நூலகத்துக்குப் போனது அறிவுத் தாகத்தால் அல்ல. எனக்கு ஒரு வழக்கறிஞர் தேவைப்பட்டார். அந்தக் கல்லுக்கு ஒரு சக்தியும் இல்லை என்று நிரூபித்துவிட்டால் நான் எடுத்தது ஒன்றுமில்லாத ஒன்றை. ஒன்றுமில்லாததை எடுப்பது திருட்டாகாது. இதுதான் என் வாதம். எழுதிப் பார்க்கும்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது வலுவாகத்தான் தெரிந்தது.

சாட்சிகள் ஏராளம். உலகம் முழுக்க இந்தப் பைத்தியம் இருந்திருக்கிறது என்பது முதல் ஆறுதல். முதல் நூற்றாண்டில் மூத்த பிளினி தன் இயற்கை வரலாற்றின் 37ஆம் நூலில் கோடரி வடிவ இடிக்கற்களைப் பற்றி எழுதுகிறார். கறுத்து உருண்ட சிலவற்றைக் கொண்டு நகரங்களையும் கப்பற்படைகளையும் பிடிக்கலாம் என்று ஒரு பழைய ஆசிரியர் சொன்னதையும் பதிவு செய்கிறார். ஸ்பெயினின் காந்தாப்ரியாவில் ஓர் ஏரியில் மின்னல் விழுந்து, அங்கே 12 கோடரிகள் கிடைத்ததாகவும், அது கல்பாவுக்கு அரசாட்சி வரப்போவதன் அறிகுறியாக எடுத்துக்கொள்ளப்பட்டதாகவும் சுவெட்டோனியஸ் எழுதியிருக்கிறார். யொரூபா மக்கள் நிலத்தில் கிடைக்கும் கற்காலக் கோடரிகளை இடித் தெய்வமான ஷாங்கோ வீசியவை என்று கோயிலில் வைத்து வணங்கினார்கள். ஜாவாக்காரர்கள் அவற்றை இடியின் பற்கள் என்றார்கள். ஜெர்மனியில் கூர்முனைக் கல்லாகிய பெலம்னைட்டும், அதாவது கணவாயின் அழிந்துபோன உறவினரின் உடற்கூர், இடிக்கல்தான். தென் இங்கிலாந்தில் ஆச்சியினுடையதைப் போன்ற முள்ளெலிக் கற்களை யன்னலில் வைத்தார்கள், பால் புளிக்காதிருக்கப் பாலறையிலும் வைத்தார்கள்.

என் கட்சிக்கு முதல் வலுவான சாட்சி மிக்கேல் மெர்காத்தி. 1593இல் இறந்துபோன இத்தாலிய மருத்துவர்; வத்திக்கானின் தாவரத் தோட்டத்தைக் கவனித்தவர், அங்கே கற்களும் கனிமங்களும் கொண்ட ஒரு பெரிய சேகரிப்பை உருவாக்கியவர். கோடரி வடிவ இடிக்கற்கள் இடியோடு விழுந்தவை அல்ல, இரும்பு அறியாத காலத்து மனிதர் கல்லைத் தட்டிச் செய்த ஆயுதங்கள் என்று எழுதி வைத்தார். அந்தக் கைப்பிரதி அச்சாக 1717 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆறு ஆண்டு கழித்து, 1723இல், பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் அந்துவான் து ஜுசியூ அமெரிக்கப் பழங்குடியினரின் கற்கருவிகளைப் பக்கத்தில் வைத்து, பிடியும் கூரும் ஒன்றுபோல இருப்பதைக் காட்டினார். முள்ளெலி விடயத்துக்கு டேனிஷ்காரர் ஒருவரே கிடைத்தார். கோபன்ஹேகனில் பிறந்த நீல்ஸ் ஸ்டென்சன், இத்தாலியில் ஒரு பெரிய சுறாவின் தலையை அறுத்து ஆராய்ந்து, நாக்குக்கல் என்று மக்கள் மருந்துக்கு வைத்திருந்தவை சுறாப்பற்களே என்று 1667இல் எழுதினார். பாறைக்குள் இருப்பது ஒரு காலத்தில் உயிரோடு இருந்திருக்கலாம் என்கிற கதவை அகலத் திறந்தவர்களில் அவர் முக்கியமானவர். ஒரு டேனிஷ்காரர் அத்தனை காலத்துக்கு முன் தொடக்கி வைத்ததை ஆச்சி தெரிந்துகொள்ளாதது என் குற்றமா என்றுகூட ஒரு நாள் நினைத்தேன்.

மின்னல் உண்மையில் செய்யும் கல் ஒன்றே ஒன்று. மணலில் விழுந்தால் கணநேரத்தில் அதை உருக்கி, உள்ளே பொள்ளலான கண்ணாடிக் குழாயாக்கும், ஃபல்குரைட் என்பார்கள். ஆச்சியின் கல் அது அல்ல. வழக்கு வெல்லும்போல இருந்தது.

ஆனால் என் சாட்சிகளில் ஒருவர் பிறழ் சாட்சியானார். அதுவும் லவாய்சியே. 1768இல் பிரான்சின் லூசே என்ற இடத்தில் வானத்திலிருந்து கல் விழுந்ததை வயலில் வேலை செய்தவர்கள் கண்டு சொன்னார்கள். அந்தக் கல்லைச் சோதித்த குழுவில் அவரும் இருந்தார். வானத்திலிருந்து கல் விழாது, நிலத்தில் கிடந்த கல்லில் மின்னல் தாக்கியிருக்கலாம் என்று அறிக்கை கொடுத்தார்கள். இடிக்கல் மூடநம்பிக்கை என்று ஒருமுறை முடிவு கட்டியபின், கண்ணால் கண்ட குடியானவனின் பேச்சும் அந்தக் குப்பைக் கூடையிலேயே போய் விழுந்தது. 1803 ஏப்ரலில் பிரான்சின் லேக்ள் என்ற ஊருக்கு மேலே பட்டப்பகலில் ஆயிரக்கணக்கான கற்கள் பொழிந்தன. இயற்பியலாளர் பியோ நேரில் போய் ஊர் ஊராகச் சாட்சியம் எடுத்து அறிக்கை எழுதிய பிறகுதான் கல் விழும் என்பது கற்றோருக்கு ஒப்புதலாயிற்று. லூசேக்காரர் சொன்னது சரி. அது விண்கல். நவீன வேதியியலின் தந்தை என்று நான் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கிய மனிதர் அந்தக் குடியானவர்கள் முன் நின்றதும், நான் ஆச்சியின் சமையலறையில் நின்றதும் ஒரே நிற்பு. அவருக்காவது ஒரு சமாதானம் உண்டு. அவர் கல்லைத் திருடவில்லை.

எதிர்த்தரப்பின் சாட்சி கிறிஸ்டியான் பிளிங்கன்பெர்க். டேனிஷ் தொல்லியலாளர். 1909இல் இடியாயுதம் பற்றி ஒரு நூல் எழுதினார். 1911இல் ஆங்கிலத்திலும் வந்தது. தன் நாட்டு மக்கள் சொன்னவற்றையெல்லாம் அதில் திரட்டி வைத்திருக்கிறார். ஓரிடத்தில் கற்கோடரி இடிக்கல், இன்னோரிடத்தில் முள்ளெலி, வேறிடத்தில் பெலம்னைட். கூரைக்கு அடியில் செருகினார்கள், சுவருக்குள் வைத்துக் கட்டினார்கள், தட்டில் வைத்தார்கள். அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தார்கள்: ஏற்கெனவே இடி விழுந்த கல் இருக்கும் இடத்தில் மறுபடி விழாது. இது தவறு, நியூயோர்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் ஆண்டுக்கு 20 தடவைக்கு மேல் மின்னல் விழுகிறது. ஆனால் நாணல் கூரையும் வைக்கோல் நிறைந்த களஞ்சியமும் உள்ளவனுக்கு ஒரு மின்னல் போதும், ஒரு தலைமுறை உழைப்பு விடிவதற்குள் சாம்பல். பெருமழை மண்ணைக் கழுவிவிட்டுப் போன மறுநாள் வயலில் மற்றக் கல் எதையும் போலல்லாத ஒரு கல் பளபளத்துக் கிடந்தால் அவன் வேறு என்ன நினைப்பான்? இத்தனை கல்லுக்குள் இது வேறு என்று பிரித்தெடுக்க முதலில் ஒரு கண் வேண்டும். எங்கள் பேராசிரியர்கள் பெயர் வைப்பதற்கு முன் அவற்றைப் பொறுக்கிப் பத்திரப்படுத்தி வைத்தவர்கள் அந்த வீட்டுப் பெண்களும் உழவர்களும்தான்.

ஒரு சோதனை முறையும் வாசித்தேன். கல்லில் நூலைச் சுற்றி நெருப்பில் காட்ட வேண்டும். உண்மையான இடிக்கல் என்றால் நூல் எரியாது. எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறையில் மெழுகுதிரி ஏற்றி, பருத்தி நூலை இறுக்கிச் சுற்றிப் பிடித்தேன். நூல் எரியவில்லை. புகை படிந்தது, அறவில்லை. காரணம் பாடசாலைப் பிள்ளைக்கும் தெரியும்; இறுக ஒட்டியிருக்கும் நூலின் சூட்டைக் கல் உறிஞ்சிக்கொள்கிறது, நூல் தீப்பற்றும் சூட்டுக்கு ஏறுவதில்லை. முற்றத்தில் கிடந்த சாதாரணக் கல்லை எடுத்து வந்து செய்து பார்த்தேன். அதிலும் எரியவில்லை. ஆனால் முதல் சோதனைக்கும் இரண்டாவதற்கும் நடுவே நான் எழுந்து முற்றத்துக்குப் போகாமல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்தக் கொஞ்ச நேரம் நான் நம்பினேன். அந்த நிம்மதியை விட மனமில்லாமல்தான் எழுந்திருக்கவில்லை.

ரென் நகரத்து ஆயர் மார்போது, 11ஆம் நூற்றாண்டு மனிதர், மணிகளைப் பற்றிச் செய்யுளில் ஒரு நூல் செய்திருக்கிறார். இடிக்கல்லைத் தூய்மையோடு வைத்திருப்பவரை மின்னல் தாக்காது, அவர் வீட்டையும் தாக்காது என்பது அவர் கணக்கு. வழக்கிலும் போரிலும் வெற்றி, நல்ல தூக்கம், நல்ல கனவு எல்லாம் உண்டாம். தூய்மை என்ற அந்த நிபந்தனையை வாசித்தபோது சிரித்தேன். சிரிப்பு நிற்பதற்குள் வேறு ஏதோ ஆகிவிட்டது. கல் என் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தூக்கம் போய்விட்டிருந்தது.

இன்னும் ஒரு வாதம் வைத்திருந்தேன். ஆச்சி வீட்டுக் கூரையில் இடிதாங்கி இருந்தது. 1752இல் பிராங்க்ளின் கண்ட ஏற்பாடு. கம்பி வழியாக மின்னலை நிலத்துக்கு இறக்கிவிடும். அது இருக்கும்போது கல் இருந்தால் என்ன, போனால் என்ன? சட்டப்படி இது அசைக்க முடியாத வாதம். அப்படியானால் இடி இடித்த ஒவ்வொரு இரவுக்கும் மறுநாள், அட்டவணையில் எந்த வீடு முதலாவதாக இருந்தாலும், நான் ஏன் சுற்றிக்கொண்டு ஆச்சி வீட்டுப் பக்கமாகப் போனேன்? கூரை இருக்கிறதா என்று ஏன் தூரத்திலேயே காரை மெதுவாக்கினேன்? ஆச்சிக்கு எந்தப் பாதுகாப்பும் போகவில்லை என்று பகலில் நிரூபித்தவன், இரவில் அவருடைய பாதுகாப்பை என் தலைமாட்டில் வைத்துக்கொண்டு விழித்திருந்தேன். நம்பியிருந்தால் ஒரு கிழவியின் காவலைத் திருடிய பாவி. நம்பவில்லையென்றால் ஒன்றுக்கும் உதவாத கல்லுக்காக ஒரு கிழவியின் மனதை உடைத்த மூடன். எந்தப் பக்கம் திரும்பினாலும் தப்ப வழியில்லை.

ஆச்சி அந்தக் கல்லைப் பற்றி என்னிடம் பிறகு ஒருமுறைதான் பேசினார். "நீர் சொன்னதுதான் சரியோ, அது வெறும் கடல் பிராணியோ" என்று கேட்டார். அப்படியென்றால் போனதற்குக் கவலைப்பட வேண்டாம் அல்லவா என்று தன்னையே தேற்றிக்கொள்ளும் கேள்வி அது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். "ஓம், வெறும் கடல் பிராணிதான்" என்றேன். அந்த வாசகம் முழு உண்மை. நான் வாழ்க்கையில் சொன்ன மோசமான பொய்யும் அதுவே.

பிறகு அவர் முதியோர் இல்லத்துக்குப் போனார். அங்கேயே காலமானார். வீட்டை விற்றுவிட்டார்கள். புதியவர்கள் கூரையை மாற்றி ஓடு போட்டிருக்கிறார்கள். மகள் கார்த்தூரத்தில், பக்கத்து நகரத்தில் இருக்கிறாள். கல்லைக் கொண்டுபோய்க் கையில் வைத்துவிட்டு வரலாம், முகவரி தெரியும். போகவில்லை. சுத்தம் செய்ய வந்த அந்தப் பெண் இப்போது ஒரு பேரங்காடியில் காசாளராக இருக்கிறாள். ஒரு சனிக்கிழமை அவளுடைய வரிசையில் சாமான்களோடு நின்றுவிட்டேன். அவள் நிமிர்ந்து பார்ப்பதற்கு முன் வண்டிலைத் திருப்பிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனேன். அந்த வரிசை நீளமாக இருந்தது. இருந்தும் நின்றேன்.

இதை இப்போது தமிழில் எழுதியிருக்கிறேன். ஆச்சியின் மகளுக்கும் அந்தப் பெண்ணுக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. டேனிஷில் எழுதத் தெரியாதவன் அல்ல நான். யார் எத்தனை மணிக்கு மாத்திரை விழுங்கினார், யாருக்குக் கால் வீக்கம் வற்றியது என்று ஓய்வுபெறும்வரை தினமும் அந்த மொழியில்தான் அறிக்கை எழுதினேன். ஒப்புக்கொள்ளவும் பயப்படாமல் இருக்கவும் ஒரே நேரத்தில் வழி தேடியிருக்கிறேன் என்பதையும் இந்த வாக்குமூலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.